தொண்டையில் ஓர் எழுத்தாணி

போன மாதம் மூன்று வாரம் இந்தப் பக்கத்தில் நான் தலைகாட்டவில்லை. 'ஆள் எங்கே?' என்று ஒரு வாசகர் அக்கறையாகக் கேட்டிருந்தார். 'தொல்லை விட்டது' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இருவருக்கும் நன்றி. தலைகாட்டாததற்குக் காரணம், தலைக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த ஒரு சமாசாரம். நீளம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அதைக் கண்டுபிடிக்க ஆன காலம் ஒன்றரை வருஷம்!

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பில் ஆரம்பித்தது. மறுநாள் காலை எச்சில் விழுங்கினால் தொண்டையின் இடது பக்கம் 'சுருக்'. முள்தான், சந்தேகமே இல்லை.

"சின்னப் பிள்ளை மாதிரி அவசர அவசரமா சாப்பிட்டா இப்படித்தான். வெறும் சோத்தை உருட்டி முழுங்குங்க" என்றாள் மனைவி.

முழுங்கினேன். (நீங்கள் செய்யாதீர்கள். நிஜமாகவே முள் இருந்தால் அது இன்னும் ஆழமாக இறங்கிவிடுமாம். பிற்பாடு தெரிந்துகொண்டது.) வாழைப்பழமும் முழுங்கினேன். ஒரு சீப்பு காலி. முள் அசையவில்லை.

தெருமுனை டாக்டர் டார்ச் அடித்து, "ஆ... சொல்லுங்க" என்றார். சொன்னேன். "முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. முள் போயிருக்கும், கீறல் இருக்கும். ஆறிடும்" என்றார். இரண்டு மாதம் காத்திருந்தேன். கீறல் ஆறுவதாகத் தெரியவில்லை.

அடுத்தவர் வயிற்று டாக்டர். "ஆசிட் மேல ஏறுது சார். காபியை நிறுத்துங்க" என்றார். ஆறு வாரம் காபி இல்லாமல் இருந்தேன். அந்த ஆறு வாரம் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்கு பத்மஸ்ரீ கொடுக்கலாம். வலி மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு வலி காதுக்குப் போயிற்று. காதைப் பார்த்தவர், "பளிங்கு மாதிரி இருக்கே!" என்று பாராட்டி அனுப்பினார். தாடை ஓரம் வலித்தது. பல் டாக்டரிடம் போனேன். வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள். தலையைச் சுற்றி ஒரு மெஷின் பிரதட்சணம் வந்தது. கடைசியில் ஒரு ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். இருந்த கொஞ்ச ஞானமும் போனதுதான் மிச்சம்.

இதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. பைக்கில் போகும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பினால் கழுத்தில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். கொட்டாவி விட்டால் இன்னும் மோசம். ஆபீஸில் கொட்டாவி விடாமல் எட்டு மணி நேரம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். கழுத்து டாக்டர் காலர் மாட்டிவிட்டார். ஆபீஸ் போனேன். "என்ன சார், தலை நிமிர்ந்து நடக்கிறீங்க, இன்க்ரிமென்ட் வந்திருச்சா?" என்றார் கேஷியர்.

ஸ்கேன், ரத்தம், மறுபடி ரத்தம். எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே வார்த்தை: நார்மல்.

அந்த வார்த்தை அவ்வளவு பயங்கரமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்றால், வலிக்கிறது என்று சொல்கிற நான் யார்? பொய்யன். அல்லது பைத்தியம். ஆறாவதாகப் பார்த்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஆபீஸ்ல டென்ஷன் ஜாஸ்தியோ? நல்லாத் தூங்குங்க, மனசை ரிலாக்ஸா வெச்சுக்குங்க" என்றார். வெளியே வந்தபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் செக்‌ஷனில் ஒருவர் இருக்கிறார். பதினோரு வருஷமாக முதுகு வலி. மாதத்தில் இரண்டு நாள் லீவ் லெட்டர். எல்லா ஸ்கேனும் எடுத்துவிட்டார், எல்லாம் நார்மல். அவருக்கு 'முதுகு சார்' என்று பெயர் வைத்தது யார் தெரியுமோ? அடியேன்தான். லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடும்போது, "இந்த மாசம் முதுகு எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் சிரிப்பார்.

இப்போது என் முறை. கான்டீனில் நான் போனதும் பேச்சு நின்றது. எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. என்ன பெயர் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ராத்திரிகள்தான் கஷ்டம். எங்கள் பெரியப்பா கதையும் தொண்டையில்தான் ஆரம்பித்தது. ஏழு மாதத்தில் முடிந்தது. நானும் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவன். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு பீரோவைத் திறந்து எல்.ஐ.சி. பாலிசியை எடுத்து, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மனைவி பாலிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு லீவ் போடுங்க" என்றாள். அவ்வளவுதான். எந்த டாக்டர், யார் சொன்னார்கள், அப்பாயின்ட்மென்ட் எப்படி வாங்கினாள், எதையும் சொல்லவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர். எழுபது வயது இருக்கும். நான் கொண்டுபோன ஃபைல்களைப் பார்த்து, "அப்புறம் பார்க்கலாம், முதல்ல நீங்க பேசுங்க" என்றார். ஒன்றரை வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கால் மணி நேரம் பேசினேன். நடுவில் அவர் கடிகாரம் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

மூக்கு வழியாக மெல்லிய ட்யூப் விட்டுத் தொண்டை முழுக்கப் பார்த்தார். "நீங்க மனசுல நினைச்சுக்கிட்டிருக்கிறது இல்லை. அந்தப் பயத்தை விட்டுடுங்க. இங்க ஒண்ணும் இல்லை" என்றார். பெரியப்பா மனதை விட்டு இறங்கிப் போனார். அடுத்த வினாடியே, அடடா, மறுபடி 'ஒண்ணும் இல்லை'யா என்று சோர்ந்துவிட்டேன்.

அவர் விடவில்லை. "கட்டி இல்லைன்னு சொன்னேன். வலி இல்லைன்னு சொல்லலை. எங்கே வலிக்குது? ஒரே விரலால காட்டுங்க."

அதுவரை எல்லா டாக்டரிடமும் முழு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, 'இங்கெல்லாம்' என்றுதான் காட்டியிருக்கிறேன். இப்போது ஆட்காட்டி விரல் தானாகப் போய்த் தாடை எலும்பு வளையும் இடத்துக்குப் பின்னால், காதுக்குக் கீழே நின்றது.

"முழுங்கினா வலிக்குமா? கொட்டாவி? தலையைத் திருப்பினா? சின்ன வயசுல டான்சில் எடுத்தாங்களா?"

"பத்து வயசுல. ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாங்க."

டாக்டர் கையுறை மாட்டினார். "கடிச்சுடாதீங்க. பத்து விரல்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, டான்சில் இருந்த பள்ளத்தில் விரலால் மெல்ல அழுத்தினார்.

ஐயோ!

அதே வலி. அச்சு அசல் அதே வலி. தொண்டையில் தொட்டால் காதில் தெறித்தது. "இதுவா?" என்றார். வாயில் அவர் விரல், பதில் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வேகமாகத் தலையாட்டினேன். "கல்லு மாதிரி ஒரு நுனி தட்டுது. இங்கே தட்டக் கூடாது" என்றார்.

அதே இடத்தில் மரத்துப்போகும் லிக்னோகெயின் ஊசி. சில நிமிஷம் கழித்து, "இப்ப முழுங்குங்க" என்றார். முழுங்கினேன். வலி இல்லை. "இது வைத்தியம் இல்லை, பரீட்சை. கொஞ்ச நேரத்துல வலி திரும்ப வரும். ஆனா வலி எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

பிறகுதான் ஃபைலைக் கேட்டார். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, பல் டாக்டர் எடுத்த ஓ.பி.ஜி. படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். இரண்டு பக்கமும் தாடைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. நீளமாக, கூராக. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் படம் எங்கள் வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பாலிசிக்கு அடியில்தான் இருந்தது!

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் சிரித்தார். "பல்லுக்காக எடுத்தாங்க, பல்லைப் பார்த்தாங்க. இது எல்லோருக்கும் வர்ற வியாதி இல்லை. தேடினாத்தான் கண்ணுல படும்" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய எலும்பு கீழ்நோக்கிக் கொஞ்சம் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் ஸ்டைலாய்டு ப்ராசஸ். ஸ்டைலஸ் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஸ்டைலஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் தாத்தாக்கள் ஓலைச்சுவடியில் எழுதிய எழுத்தாணிதான். ஒவ்வொருவர் தொண்டையிலும் இரண்டு எழுத்தாணிகள். எழுதிப் பிழைக்கிறவன் தொண்டையில் அதுவே குத்தினால் என்ன சொல்வது!

நாக்கையும் தொண்டையையும் அசைக்க உதவும் மூன்று தசைகள் இந்த எலும்பிலிருந்து கிளம்புகின்றன. அதன் நுனியிலிருந்து ஒரு நார், கழுத்தின் முன்புறம் இருக்கும் ஹையாய்டு எலும்புவரை போகிறது. ஸ்டைலாய்டின் சராசரி நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். மூன்றைத் தாண்டினால் நீளம் என்கிறார்கள். சிலருக்கு எலும்பே நீண்டுவிடும். சிலருக்கு அந்த நாரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அதுவும் எலும்பாகிவிடும்.

அக்கம்பக்கம் காலி மனையாக இருந்தால் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. ஆனால் பக்கத்திலேயே தொண்டைக்கும் நாக்கின் பின்பகுதிக்கும் போகிற நரம்பு ஓடுகிறது. அதன் ஒரு கிளை காதுக்குள் போகிறது. நரம்பைத் தொண்டையில் சீண்டினால் காதில் மணி அடிப்பது அதனால்தான். என் பளிங்குக் காது பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. எலும்பின் இரு பக்கத்திலும் தலைக்குப் போகும் கரோடிட் ரத்தக் குழாய்களின் கிளைகள் இருக்கின்றன. அவற்றில் எலும்பு உரசினால் முகத்திலும் தலையிலும் கண்ணைச் சுற்றியும் வலி வரலாம். தலையைத் திருப்பும்போது கிறுகிறுக்கலாம். மிக அபூர்வமாகப் பக்கவாதம்வரை போனதுண்டு.

முப்பரிமாண சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் என் மண்டை ஓடு மெதுவாகச் சுழன்றது. (பார்க்க வேண்டிய காட்சி. அகம்பாவம் உள்ளவர்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை காட்டலாம்.) இடது எழுத்தாணி 4.7 சென்டிமீட்டர். வலது 4.1. வலது பக்கம் வலியே இல்லை! நீளம் மட்டும் கணக்கில்லை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதை உரசுகிறது என்பதும் கணக்கு.

வியாதியின் பெயர் ஈகிள் சிண்ட்ரோம்.

"ஈகிள்னா ஃப்ளாஸ்க் கம்பெனிதானே?" என்றாள் மனைவி.

ஃப்ளாஸ்கும் இல்லை, கழுகும் இல்லை. வாட் ஈகிள் என்பவர் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் தொண்டை டாக்டராக இருந்தவர். 1937-ல் இப்படி இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இந்த எலும்பு நார் விவகாரத்தை இத்தாலிய சர்ஜன் பியத்ரோ மார்ச்செட்டி 1652-லேயே எழுதிவைத்துவிட்டார். ஆனாலும் அதை வலியோடு முடிச்சுப் போட்டவர் ஈகிள். டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று வந்தவர்களை அவர் 'மனப்பிராந்தி' என்று திருப்பி அனுப்பவில்லை. விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த இருபது வருஷத்தில் இருநூறு பேருக்கு மேல் கண்டுபிடித்தார். டான்சில் எடுக்காதவர்களுக்கும் இது வரும் என்பது பிற்பாடு தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். நூறு பேரில் நாலு பேருக்கு இந்த எலும்பு நீளம் என்று ஈகிளே கணக்குச் சொன்னார். அந்த நாலு பேரிலும் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. என் வலது பக்கமே சாட்சி. எலும்பு நீளமாக இருப்பது வியாதியில்லை. வலி, விரல் பரீட்சை, படம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் வியாதி. தொண்டை வலிக்குச் சாதாரணக் காரணங்கள் ஆயிரம். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை வலியோ குரல் கரகரப்போ விடாமல் இருந்தால், கழுத்தில் கட்டி தட்டினால், எச்சிலில் ரத்தம் வந்தால், எல்.ஐ.சி. பாலிசியைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் துவண்டாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு உடனே கத்தி எடுக்கவில்லை. முதலில் கார்பமசெபின் மாத்திரை. வலிப்புக்குக் கொடுப்பது, நரம்பு வலிக்கும் கேட்குமாம். மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்து, மீதிச் சில்லறையைத் தள்ளி நின்று நீட்டினான். நாலு மாதம் மாத்திரை, இரண்டு ஊசி. பாதி குறைந்தது, பாதி நின்றது. பிறகுதான் ஆபரேஷன். வாய் வழியாகவும் செய்யலாம், கழுத்தைத் திறந்தும் செய்யலாம். வாய் வழி என்றால் வெளியே தழும்பு இல்லை. கழுத்து வழி என்றால் நரம்பும் ரத்தக் குழாயும் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தழும்பு விழும். எனக்கு வாய் வழி. "நூத்துக்கு நூறு சரியாகும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு வலி மிச்சம் இருக்கும்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனாலேயே நம்பிக்கை வந்தது.

கண் விழித்தபோது ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார்கள். உள்ளே உடைந்த பல்குச்சி மாதிரி ஒன்று. இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்.

"இதுக்கா!" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களை நம்பாம இருந்துட்டேன்ல, ஒரு ரெண்டு மாசம்" என்றாள். பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் பெருந்தன்மையாகக் கையை மட்டும் ஆட்டினேன். சாயங்காலம் ஐஸ்க்ரீம் வாங்கி வந்தாள்.

ஒரு மாதம் ஆகிறது. குளிர் காலத்துக் கதவு மாதிரி எப்போதாவது ஒரு சின்ன இறுக்கம், அவ்வளவுதான். கொட்டாவி தாராளமாக விடுகிறேன்.

ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே மேஜையில் ஒரு லீவ் லெட்டர் இருந்தது. முதுகு வலி, இரண்டு நாள். வழக்கமான நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரைக் கான்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு டீ சொன்னேன்.

"சார், வலி எங்கே? ஒரே விரலால காட்டுங்க" என்றேன்.

கிண்டல் செய்கிறேனா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கேதான். ஆனா எப்படி ஆரம்பிச்சதுன்னா..." என்றார்.

முக்கால் மணி நேரம் சொன்னார். இரண்டு டீயும் ஆறிப்போயிற்று.